லேன் கீப் அசிஸ்ட், அடாஸ் கேலிப்ரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-ல் எம்ஜி க்ளோஸ்டரும், அடுத்த ஆண்டு ஆஸ்டரும் மஹிந்திரா எக்ஸ்யூவி700-உம் வந்தபோது அடாஸ் (ADAS, ஓட்டுநருக்கு உதவும் மேம்பட்ட வசதிகள்) என்ற பெயரே பலருக்குப் புதிது. இன்று செல்டோஸ், கிரெட்டா, ஹோண்டா சிட்டி, அமேஸ் வரைக்கும் அது வந்துவிட்டது. அந்த வண்டிகளுக்கு இப்போது கண்ணாடி உடைகிறது, பம்பர் நசுங்குகிறது, சஸ்பென்ஷன் தேய்கிறது. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து பளபளவென்று வெளியே வரும் வண்டியில், கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை யாருமே சரிபார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். இது எவ்வளவு ஆபத்து என்பது வண்டிக்காரருக்கும் தெரிவதில்லை, பல பணிமனைகளுக்கும் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பக்கம். பணிமனை வாசலில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

அடாஸ் என்பதில் என்னென்ன அடங்கும்?

பாதை விலகினால் எச்சரிப்பது, ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பிப் பாதைக்குள் நிறுத்துவது (இதுதான் லேன் கீப் அசிஸ்ட்), முன்னால் மோதல் வரும் என்று தெரிந்தால் தானே பிரேக் பிடிப்பது, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வரும் வண்டியைச் சொல்வது, ஹைபீமைத் தானாகத் தாழ்த்துவது எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கான தகவலைக் கொடுப்பவை சில கருவிகள்தான்: உள்கண்ணாடிக்குப் பின்னால் விண்ட்ஷீல்டை ஒட்டியிருக்கும் கேமரா, முன் பம்பரிலோ கிரில்லிலோ இருக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும் இருக்கும் சிறிய ரேடார்கள், சுற்றுப்புறக் காட்சிக்கான நான்கு கேமராக்கள். எல்லா வண்டியிலும் எல்லாம் இருக்காது. கேமராவை மட்டும் நம்பி ஓடும் வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டியில் எது எங்கே இருக்கிறது என்று ஓனர் மேனுவலில் படத்தோடு போட்டிருப்பார்கள், ஒருமுறை பார்த்து வையுங்கள்.

கேலிப்ரேஷன் என்று என்னதான் செய்கிறார்கள்?

கேமராவுக்கு ஒரு "நேர்" இருக்கிறது. வண்டிக்கு ஒரு "நேர்" இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கேமராவைக் கையால் எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் அது துளியாவது மேலே, கீழே, இடம், வலம் என்று சாய்ந்துதான் நிற்கும். அந்தச் சாய்வு எவ்வளவு என்று அளந்து கேமராவின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் கேலிப்ரேஷன். பெரும்பாலான கேமராக்களில் எந்தத் திருகையும் திருப்புவதில்லை. திருத்தம் முழுக்க மென்பொருளில் நடக்கிறது. ரேடாரில் மட்டும் சில மாடல்களில் திருகைத் திருப்பிச் சாய்வைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

தொழிற்சாலையில் இது அசெம்பிளி லைனின் கடைசிக் கட்டங்களில் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வெளியே வரும் கிரெட்டாவோ வெர்னாவோ, குறிப்பிட்ட இடத்தில் நின்று கேமராவையும் ரேடாரையும் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் யார்டுக்குப் போகிறது. அதற்குப் பிறகு யாராவது அந்தக் கேமராவைக் கழற்றினால், தொழிற்சாலையில் எழுதிய கணக்கு செல்லாது. திரும்ப எழுத வேண்டும்.

ஒரு டிகிரி பிசகினால் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் நல்லது.

கேமராவோ ரேடாரோ பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தூரத்தில் பிழை சுமார் 17 சென்டிமீட்டர். 50 மீட்டரில் 87 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 1.75 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதாவது 100 மீட்டர் தள்ளிப் போகும் வண்டி பாதி லேன் இடம் மாறித் தெரியும். பக்கத்து லேனில் போகும் லாரி நம் லேனுக்குள் இருப்பதாக வண்டி நினைத்துக் காரணமில்லாமல் பிரேக் போடும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் கதி என்ன? அதைவிட மோசமானது இன்னொன்று: நம் லேனில் நிற்கும் வண்டியைப் பக்கத்து லேனில் நிற்பதாக நினைத்துப் பிரேக் போடாமல் விடுவது.

மேல்கீழ்ச் சாய்வு இன்னும் கொடியது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன்னால் இருக்கும் வண்டியின் டயர் சாலையைத் தொடும் இடம் படத்தில் எங்கே விழுகிறது என்பதை வைத்துக் கேமரா தூரத்தைக் கணிக்கிறது. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முன்வண்டி 50 மீட்டரில் இருக்கிறது என்றால், கேமரா அதைப் பார்க்கும் கோணம் கிடைமட்டத்துக்குக் கீழே வெறும் 1.5 டிகிரி. கேமராவின் கணக்கில் அரை டிகிரி தப்பு இருந்தால், அந்த 50 மீட்டர் ஒரு பக்கத் தப்பில் 75 மீட்டராகவும் மறுபக்கத் தப்பில் 37 மீட்டராகவும் தெரியும். இல்லாத 25 மீட்டரை இருப்பதாக நம்பினால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது சரியாக ஒரு விநாடி. பிரேக் ஒரு விநாடி தாமதம்.

ரேடார் இருக்கும் வண்டியில் தூரத்தை ரேடார் தனியாக அளந்து சொல்லும். நல்ல மென்பொருள் பொருளின் அளவையும் வைத்துச் சரிபார்க்கும். அதனால் நடைமுறையில் பிழை இவ்வளவு அப்பட்டமாக வெளிப்படாமல் இருக்கலாம். ஆனால் அரை டிகிரி என்பது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய சாய்வே இல்லை என்பதை மறக்கக் கூடாது. "நேராத்தான் சார் மாட்டியிருக்கேன்" என்று யார் சொன்னாலும் அந்த நேர் இந்தக் கணக்குக்குப் போதாது.

எப்போதெல்லாம் கேலிப்ரேஷன் செய்ய வேண்டும்?

விண்ட்ஷீல்டு மாற்றினால். கேமராவையோ அதன் பிடிப்பையோ கழற்றினால், மாற்றினால். முன் பம்பரைக் கழற்றி மாட்டும்போது ரேடாரோ அதன் தாங்கியோ அசைந்திருந்தால். முன்பக்கமோ பின் மூலையோ மோதலில் அடிபட்டால், அடி சிறியதாக இருந்தாலும். சஸ்பென்ஷன் பாகங்கள், ஸ்டீயரிங் ராக், சப்ஃபிரேம் மாற்றினால். வண்டியின் உயரம் மாறும் எந்த வேலை செய்தாலும். ஏர்பேக் வெடித்த வண்டி என்றால் கேள்வியே இல்லை.

வீல் அலைன்மென்ட் செய்தாலும் வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். சில கம்பெனிகள் பின்சக்கரக் கோணத்தைத் திருத்தினால் கட்டாயம் என்கின்றன. அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் இதில் கடைசி வார்த்தை. "எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" என்று பொதுவாகச் சொல்பவரிடம் மேனுவலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடியை மட்டும்தான் மாற்றினேன். கேமராவைக் கழற்றி அதே இடத்தில்தான் மாட்டினார்கள். அப்புறமும் வேண்டுமா?

வேண்டும். கேமராவின் பிடிப்பு கண்ணாடியோடு ஒட்டப்பட்டது. பழைய கண்ணாடியோடு பழைய பிடிப்பும் போய்விட்டது. புதிய கண்ணாடியில் அதே இடத்தில்தான் பிடிப்பு இருக்கும் என்றாலும், "அதே இடம்" என்பதில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே கோணம் மாறிவிடும். கண்ணாடியை பாடியில் ஒட்டும் யூரித்தேன் பசை ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனாகப் போனாலும் மாறும்.

கேமரா கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்க்கிறது என்பதும் முக்கியம். அந்தக் கண்ணாடியும் லென்ஸின் ஒரு பகுதி மாதிரிதான் வேலை செய்கிறது. கேமராவுக்கு முன்னால் கறுப்புப் பொட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஜன்னல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் அலையோ வளைவு வித்தியாசமோ இருந்தால் நேர்க்கோடு நெளிந்து தெரியும். விலை குறைவு என்பதற்காகப் போடும் கண்ணாடிகளில் இந்த ஜன்னலின் தரம் சரியில்லாமல் போனால், எத்தனை முறை முயன்றாலும் கேலிப்ரேஷன் முடியாது. வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனர் "தோல்வி" என்றே காட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தவர் இரண்டு கண்ணாடிக்குக் காசு கொடுத்த கதை இப்படித்தான் நடக்கிறது. அடாஸ் வண்டிக்கு, கம்பெனி கண்ணாடியோ அதே தரத்துக்குச் சான்று உள்ள கண்ணாடியோதான் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பசை காயக் காத்திருப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பசை இறுகும் முன்பே கேலிப்ரேஷன் செய்துவிட்டால், கண்ணாடி பிறகு கொஞ்சம் அமர்ந்து கணக்கு கெடும். பசை டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியட்டும். "சாயங்காலமே வண்டி வேண்டும்" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. அப்படியென்றால் எல்லாம் சரிதானே?

இந்த ஒரு நம்பிக்கைதான் அதிகம் ஏமாற்றுகிறது. கேமராவுக்கு மின்சாரம் வரவில்லை, வயர் அறுந்திருக்கிறது, லென்ஸ் மறைந்திருக்கிறது என்றால் விளக்கு எரியும். கேமராவை மாற்றி, புதியதற்கு இன்னும் கணக்கே எழுதவில்லை என்றால் பெரும்பாலும் எரியும். ஆனால் பழைய கேமராவைக் கழற்றிப் புதிய கண்ணாடியில் மாட்டியிருந்தால், அதன் நினைவில் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. தான் சாய்ந்திருப்பது அதற்குத் தெரியாது. முள் பூஜ்யத்தில் நிற்காத தராசு, எடை தப்பு என்று தானாகச் சொல்லுமா? அதுவும் இப்படித்தான் நிம்மதியாகத் தப்பாக அளந்துகொண்டிருக்கும்.

ஓடும்போதே தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் திறன் பல கேமராக்களுக்கு உண்டு. அது மிகச் சிறிய சாய்வுக்குத்தான். டயர் தேய்வது, ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வது போன்ற மெல்ல நடக்கும் மாற்றங்களுக்காக வைத்தது. பழுதுபார்த்த பிறகு செய்ய வேண்டிய கேலிப்ரேஷனுக்கு அதை மாற்றாக நினைக்கக் கூடாது.

ஆக, விளக்கு எரியாதது ஆதாரமில்லை. ஸ்கேனரில் கேலிப்ரேஷன் முடிந்ததாக வரும் அறிக்கைதான் ஆதாரம். வேலைக்கு முன் எடுத்த ஸ்கேன், வேலைக்குப் பின் எடுத்த ஸ்கேன் இரண்டையும் அச்சிட்டுக் கேளுங்கள். அதில் உங்கள் வண்டியின் சேசிஸ் எண், தேதி, ஓடிய கிலோமீட்டர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டாட்டிக், டைனமிக் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஸ்டாட்டிக் என்பது வண்டியை நிறுத்திவைத்துச் செய்வது. வண்டிக்கு முன்னால், மேனுவல் சொல்லும் தூரத்தில், சொல்லும் உயரத்தில், கட்டங்களோ வட்டங்களோ வரைந்த பலகையை நிறுத்துவார்கள். கேமரா அந்தப் பலகையைப் பார்த்துத் தன் சாய்வைக் கணக்கிடும். முன் ரேடாருக்கு மூன்று முகம் கொண்ட உலோகப் பிரதிபலிப்பானை வைப்பார்கள். சுற்றுப்புறக் கேமராக்களுக்கு வண்டியைச் சுற்றித் தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்புகளை விரிப்பார்கள்.

சொல்ல எளிது, செய்யத்தான் கஷ்டம். தரை சமமாக இருக்க வேண்டும், கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தால் போதாது, லேசர் மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னும் பக்கவாட்டிலும் தாராளமான இடம் வேண்டும். சைக்கிள் ஸ்டாண்ட் மாதிரி வண்டிகள் நெருக்கி நிற்கும் ஷெட்டில் இது நடக்காது. பலகைக்குப் பின்னால் கோடு போட்ட சுவர், ஷட்டர், காலண்டர் எதுவும் கேமராவைக் குழப்பக் கூடாது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்து பலகையில் பாதி வெளிச்சம், பாதி நிழலாக இருக்கக் கூடாது. நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். டிக்கி காலியாக இருக்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்க வேண்டும் என்று சில கம்பெனிகள் கேட்கும். பேட்டரி வோல்டேஜ் நடுவில் இறங்காமலிருக்கச் சார்ஜர் மாட்ட வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி, பலகையை வண்டியின் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்துவதில்தான் வேலைக்காரரின் திறமை தெரியும். மையக்கோடு என்பதை பானட்டில் இருக்கும் லோகோவை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பின்சக்கரங்கள் வண்டியை எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அந்தக் கோடுதான் உண்மையான மையக்கோடு. சக்கரங்களில் கிளாம்ப் மாட்டி, லேசர் அடித்து அளப்பவரைப் பார்த்தால் நம்பலாம். டேப்பை நீட்டிக் கண்ணளவில் பலகையை நகர்த்துபவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

டைனமிக் என்பது ஸ்கேனரை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிச் செய்வது. குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் கேமரா லேன் கோடுகளையும் எதிரில் வரும் பொருள்களையும் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். சில மாடல்களுக்கு ஸ்டாட்டிக் மட்டும், சிலவற்றுக்கு டைனமிக் மட்டும், சிலவற்றுக்கு முதலில் அது, பிறகு இது. தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குக் கிடையாது. கம்பெனி சொன்னதுதான்.

நம் ஊர்ச் சாலையில் டைனமிக் கேலிப்ரேஷன் முடியுமா?

முடியும், சாலையைத் தேர்ந்தெடுத்தால். இரண்டு பக்கமும் அழியாத வெள்ளைக்கோடு, நடுவே மீடியன், அடிக்கடி நிற்காமல் போகக்கூடிய வேகம், காய்ந்த சாலை, முகத்தில் அடிக்காத வெயில் ஆகிய ஐந்தும் வேண்டும். சென்னையில் வெளிவட்டச் சாலையின் நல்ல பகுதிகளும், கொங்குப் பக்கம் சேலம் கோவை நெடுஞ்சாலையில் மேம்பால வேலை நடக்காத இடங்களும் இதற்கு ஒத்துவரும். அண்ணாசாலையிலோ காந்திபுரத்திலோ பகல் முழுக்கச் சுற்றினாலும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தள்ளிப்போடுவது தவிர வழியில்லை. ஓட்டுபவர் ஒருவர், ஸ்கேனரைப் பார்ப்பவர் ஒருவர் என்று இருவர் போக வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

முதலில் வீல் அலைன்மென்ட்டா, கேலிப்ரேஷனா?

அலைன்மென்ட்தான் முதலில். வண்டி கோணலாக ஓடும்போது கேமராவுக்கு நேர் எது என்று சொல்லிக்கொடுத்தால், அந்தக் கோணலையே நேர் என்று கற்றுக்கொள்ளும். பிறகு அலைன்மென்ட் செய்தால் மறுபடியும் கேலிப்ரேஷன். அலைன்மென்ட்டோடு ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது கம்ப்யூட்டரும் அதை நேர் என்றே படிக்க வேண்டும்.

லேன் கீப் போட்டால் வண்டி ஒரு பக்கமாகவே ஒட்டுகிறது, சில இடங்களில் கோட்டையே விட்டுவிடுகிறது. கேலிப்ரேஷன் கெட்டுவிட்டதா?

இரண்டும் வேறு வேறு கோளாறு. குழப்பிக்கொள்ளாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

காலை பத்து மணிக்கு மேல், காய்ந்த, நேரான, இரண்டு பக்கமும் கோடு தெளிவாக உள்ள நான்கு வழிச் சாலைக்குப் போங்கள். முதலில் லேன் கீப்பை ஆஃப் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதே வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அது அலைன்மென்ட்டோ டயரோ பிரேக்கோ. கேமராவைக் குறைசொல்ல வேண்டாம். ஆஃபில் நேராகப் போகிற வண்டி, ஆன் செய்ததும் எப்போதும் ஒரே பக்கக் கோட்டை ஒட்டியே ஓடினால், அல்லது இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஊஞ்சலாடினால், கேமராவின் கணக்கைச் சந்தேகிக்கலாம். கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல்தான் இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

சில இடங்களில் மட்டும் விட்டுவிடுகிறது என்றால் அநேகமாகச் சாலைதான் காரணம். பழைய கோட்டை அழித்துப் புதிய கோடு போட்ட இடத்தில் மழை பெய்தால் அழித்த கோடும் மின்னும். விரிசலில் ஊற்றிய தார், வெயிலில் கோடு மாதிரியே பளபளக்கும். மேம்பாலப் பணிக்காகத் திருப்பிவிட்ட இடத்தில் பழைய வெள்ளைக்கோடு நேராகப் போகும், வண்டிகள் வளைந்து போகும். சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடத்தில் இடதுகோடே இருக்காது. மாலையில் சூரியன் எதிரே இருந்தால் நமக்கே தெரியாத கோடு கேமராவுக்கு மட்டும் தெரியுமா? இவை எதையும் கேலிப்ரேஷனால் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் லேன் கீப்பை நீங்களே ஆஃப் செய்வதுதான் சரி.

பள்ளத்தைத் தவிர்க்கவோ ஓரமாகப் போகும் பைக்குக்கு இடம் விடவோ இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் எதிர்த்துத் தள்ளும். அது கோளாறு இல்லை. நீங்கள் தெரியாமல் விலகுகிறீர்கள் என்று வண்டி நினைக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் விட்டுவிடும். பெரும்பாலான வண்டிகளில் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே லேன் கீப் வேலையே செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆயுதபூஜைக்கு வண்டியை அலங்கரிக்கிறோம். அதனால் ஏதாவது பிரச்சினை வருமா?

பூஜை செய்யுங்கள், தாராளமாக. சந்தனமும் குங்குமமும் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ட்ஷீல்டின் உச்சியில், உள்கண்ணாடிக்கு நேரே இருக்கும் கேமரா ஜன்னலில் வைக்காதீர்கள். முன் பம்பரிலோ லோகோவுக்குப் பின்னாலோ ரேடார் இருக்கும் மூடியில் பூசாதீர்கள். கிரில்லில் கட்டிய மாலையையும், எலுமிச்சை மிளகாயையும், வாழைக்கன்றையும் நெடுஞ்சாலையில் ஏறும் முன் அவிழ்த்துவிடுங்கள். ஈரமான இலையும் பூவும் ரேடார் அலையைத் தடுக்கும்.

ஃபாஸ்டேக்கை விண்ட்ஷீல்டின் மேல் நடுப்பகுதியில்தான் ஒட்டுவோம். கேமராவும் அங்கேதான் இருக்கிறது. கேமரா ஜன்னலை விட்டு விலக்கி ஒட்டுங்கள். சன் ஃபிலிம், கட்சிக் கொடி ஸ்டிக்கர், முன்பக்க டேஷ்கேம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். டேஷ்போர்டில் பளபளக்கும் விரிப்போ பெரிய சிலையோ இருந்தால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து கேமராவுக்குத் தெரியும். சிறியதாக, மங்கலான நிறத்தில் இருப்பது நல்லது.

பம்பரில் சின்னக் கீறல். பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் போதாதா?

எந்த இடத்தில் கீறல் என்பதைப் பொறுத்தது. பின் பம்பரின் மூலைகளுக்குப் பின்னால்தான் பக்கவாட்டு எச்சரிக்கை ரேடார்கள் உட்கார்ந்திருக்கின்றன. நம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணில் உரசுவதும் அதே மூலைதான். ரேடார் பிளாஸ்டிக்கை ஊடுருவிப் பார்க்கிறது. அதன்மேல் தடிமனாகப் பட்டி, உலோகத் துகள் கலந்த பெயின்ட், திரும்பத் திரும்ப அடித்த பூச்சு எல்லாம் சேரும்போது அலை உள்ளேயே சிதறுகிறது. பல கம்பெனிகள் ரேடாருக்கு முன்னால் உள்ள பகுதியில் பட்டி போடவே கூடாது என்கின்றன. அந்த இடமென்றால் பம்பரை மாற்றுவதுதான் முறை. செலவுதான், ஒத்துக்கொள்கிறோம்.

முன்னால் இரும்புத் தடுப்பு (புல் பார்) மாட்டுவதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது. அடாஸ் வண்டியில் அது ரேடாரையும் மறைக்கும்.

பெரிய டயர், லிஃப்ட் கிட், டிக்கி நிறையச் சுமை?

டயர் அளவை மாற்றினால் வண்டியின் உயரமும் மாறும், வேகக் கணக்கும் மாறும். லிஃப்ட் கிட் போட்டால் கேமராவின் உயரமே வேறு. பல மாடல்களில் அந்த உயரத்துக்கு மேனுவலில் அளவே இருக்காது, கேலிப்ரேஷன் செய்ய வழியில்லை. அப்படி மாற்றிய வண்டியில் அடாஸை நம்பக் கூடாது. ஊருக்குப் போகும்போது டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றினால் வண்டியின் மூக்கு கொஞ்சம் தூக்கும். ஓரளவைக் கேமரா தானே சமாளித்துக்கொள்ளும். அளவுக்கு மீறினால் சமாளிக்காது.

வெளிப் பணிமனையில் செய்யலாமா, கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டுமா?

இடத்தின் பெயரைவிடக் கருவிகளும் ஆளும்தான் முக்கியம். உங்கள் மாடலுக்கான பலகை இருக்கிறதா? ஸ்கேனர் மென்பொருள் உங்கள் மாடல் ஆண்டு வரை புதுப்பிக்கப்பட்டதா? சமதரை எங்கே? முடிந்ததும் அறிக்கை கிடைக்குமா? இந்த நான்கையும் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள், ஏனென்றால் எல்லாக் கிளையிலும் பலகை இருப்பதில்லை. கண்ணாடி மாற்றும் வேலையை ஒரு கிளையில் முடித்துவிட்டு, கேலிப்ரேஷனுக்கு வேறு ஊருக்கு அனுப்புவதும் நடக்கிறது. அப்படி என்றால் அந்த இடைப்பட்ட பயணத்தில் அடாஸை ஆஃப் செய்துகொண்டு போங்கள்.

இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தருமா?

மோட்டார் இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை, பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி பிடிப்பார்கள் என்பது பலருக்கும் தெரியும். கேலிப்ரேஷன் பாகமில்லை, வேலை. எஸ்டிமேட்டில் அதைத் தனி வரியாகப் போடாவிட்டால் சர்வேயர் கண்ணில் படாது. பிறகு பில்லில் வந்தால் உங்கள் தலையில் விழும். எனவே க்ளெய்ம் பதியும்போதே, கம்பெனி மேனுவலின் அந்தப் பக்கத்தை இணைத்து, எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள். மோதலால் வந்த வேலையை முழுமையாக முடிக்க இது தேவை என்பதுதான் வாதம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, லேன் கீப்பை ஆஃப் செய்துவிட்டே ஓட்டிக்கொள்கிறேன்.

லேன் கீப்பை ஆஃப் செய்யலாம். ஆனால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் அதே கேமராவைத்தான் பயன்படுத்துகிறது. பல வண்டிகளில் அதை ஆஃப் செய்தாலும் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் தானாக ஆன் ஆகிவிடும். அப்படி ஆக வேண்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் மறந்துவிட்ட கேமரா உங்களுக்காகப் பிரேக்கைத் தீர்மானித்துக்கொண்டிருக்கும். ஒழுங்காகக் கேலிப்ரேட் செய்த அந்தப் பிரேக், குறுக்கே ஓடும் ஒரு குழந்தையைக் காப்பாற்றக்கூடியது. அதைக் கெட்ட நிலையில் வைத்திருப்பதை எங்களால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று நம் சந்தையில் உள்ள இந்த வசதிகள் அதிகபட்சம் இரண்டாம் நிலை, அதாவது ஸ்டீயரிங்குக்கும் வேகத்துக்கும் வண்டி உதவும், சாலையைக் கவனிப்பது ஓட்டுநர்தான். வண்டி எதைச் செய்தாலும் பொறுப்பு ஓட்டுநருடையதே.

பழைய கார் வாங்குகிறேன், அடாஸ் உள்ளது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் விண்ட்ஷீல்டின் மூலையில் அச்சிட்ட கம்பெனிப் பெயரையும் தயாரிப்பு ஆண்டுக் குறியீட்டையும் பாருங்கள், பிறகு கதவுக் கண்ணாடிகளில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் முன்கண்ணாடி மாற்றப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் கேலிப்ரேஷன் அறிக்கையைக் கேளுங்கள். பம்பர் நிறம் ஃபெண்டர் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். கேமரா மூடி உடைந்தோ டபுள் டேப் போட்டு ஒட்டியோ இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டுகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அறிக்கை இல்லை என்று விற்பவர் சொன்னால், அலைன்மென்ட்டும் கேலிப்ரேஷனும் செய்ய ஆகும் தொகையை எஸ்டிமேட் வாங்கி, விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். வாங்கிய பிறகு அந்தப் பணத்தை அதற்கே செலவழியுங்கள்.